செந்தில் ட்ரில்லிங் மிஷின் வாங்கிய கதை

1

போன வாரம் ரிஷிவந்தியத்திலிருந்து உமா ஒரு குரல் செய்தி அனுப்பியிருந்தாள். நர்சிங் படித்தபோது என்னோடு ஒரே விடுதி அறையில் இருந்தவள். இப்போது வீடு கட்டி முடிக்கிற கட்டத்தில் இருக்கிறாள்.

"ஏ மல்லிகா, நீ ஜெர்மனியில கீற. மிஷினெல்லாம் அங்கதான் நல்லா செய்வாங்களாமே. எங்க வூட்டுக்காரரு ஒரு ட்ரில்லிங் மிஷின் வாங்கணும்னு ஒரே ரோதன. கடைக்காரன் இன்னா சொன்னாலும் நம்ப மாட்டேன்றாரு. எது வாங்கறதுன்னு நீ சொல்லு, வாங்கிடறோம்."

ட்ராமில் நின்றபடி கேட்டேன். சத்தமாகச் சிரித்துவிட்டேன். பக்கத்தில் இருந்த பெரியவர் எழுந்து வேறு இருக்கைக்குப் போய்விட்டார். இந்த ஊரில் தனியாகச் சிரிப்பவர்களை அப்படித்தான் நடத்துவார்கள்.

உமாவுக்குச் சுருக்கமாகப் பதில் போட்டேன். முதலில் சுவர் எதுவென்று பார், அப்புறம் மிஷினை யார் பிடிக்கப்போகிறார்கள் என்று பார், விலையும் கம்பெனியும் அதற்குப் பிறகு. அவள் கட்டைவிரல் படம் அனுப்பினாள். நாங்கள் இதே விஷயத்தை எப்படிக் கற்றுக்கொண்டோம் என்பதைக் குரல் செய்தியில் சொல்ல முடியாது. அதனால் இங்கே எழுதுகிறேன்.

2

நாங்கள் இந்தக் குடியிருப்புக்கு மாறி வந்த அன்று சாவி கொடுத்தவர் ஒவ்வொரு அறையாகக் காட்டினார். கடைசியில் ஒரு வெற்று அறையைக் காட்டி, "இது சமையலறை" என்றார். நான்கு சுவர், ஒரு ஜன்னல், சுவரிலிருந்து எட்டிப் பார்க்கிற ஒரு குழாய். அடுப்பு மேடை இல்லை, சிங்க் இல்லை, ஒரு அலமாரி கூட இல்லை.

"சமையலறை எங்கே?" என்று நான் கேட்டேன்.

"முன்பு இருந்தவர்கள் எடுத்துக்கொண்டு போய்விட்டார்கள்" என்றார் அவர், குடையை எடுத்துப்போனதைச் சொல்வதுபோல.

இங்கே அதுதான் வழக்கம். வாடகைக்கு வருகிறவர் சமையலறையைத் தானே வாங்கி மாட்டிக்கொள்ள வேண்டும், போகும்போது கழற்றிக்கொண்டு போக வேண்டும். போட்ட ஓட்டைகளையும் அடைத்துக் கொடுக்க வேண்டும். இதைச் செந்தில் வடக்கனந்தலுக்குப் போன் போட்டுத் தன் தம்பி ஏழுமலையிடம் சொன்னபோது, அவன் மெதுவாகக் கேட்டான். "கம்ப்ளைன்ட் குடுத்தீங்களா?"

பாத்திரம் தேய்க்கும் தொட்டியும் கீழ் அலமாரிகளும் தரையில் நிற்பவை, சிக்கலில்லை. மேல் அலமாரி மூன்றைச் சுவரில் தொங்கவிட வேண்டும். ஆள் வைத்துச் செய்யலாம் என்று விசாரித்தேன். ஆறேழு வாரம் கழித்து ஒரு வியாழக்கிழமை வருவதாகச் சொன்னார்கள்.

"எதுக்கு ஆளு? நானே மாட்டறேன்" என்றார் செந்தில்.



3

செந்திலைப் பற்றிச் சொல்ல வேண்டும். கள்ளக்குறிச்சி பஸ் ஸ்டாண்டுக்குப் பக்கத்தில் செல்போன் கடை வைத்திருந்தவர். போனைத் திறந்து உள்ளே இருக்கிற கடுகளவு ஸ்க்ரூவைப் பேசிக்கொண்டே கழற்றுவார். கடை வாசலில் எப்போதும் நான்கு பேர் நிற்பார்கள், அதில் மூன்று பேர் சும்மா பேச வந்தவர்களாக இருப்பார்கள். நான் வெள்ளிமலைக்காரி. கல்வராயன் மலையிலிருந்து இறங்கிப் படித்து, அவர் கடையில் போன் ரிப்பேருக்குக் கொடுத்து, ரிப்பேர் ஆகாத அந்தப் போனைப் பற்றி விசாரிக்கப் போய்ப் போயே கல்யாணம் வரை வந்துவிட்டது. மலைப் பெண் என்று அவர் வீட்டில் கொஞ்ச நாள் யாரும் என்னோடு பேசவில்லை. எனக்கு ஜெர்மனியில் ஆஸ்பத்திரி வேலை கிடைத்த அன்று என் மாமியார் தெரு முழுக்கப் போய் "என் மருமவ" என்று சொல்லிவிட்டு வந்தார்.

வேலை எனக்கு. செந்தில் கடையை மூடிவிட்டு எங்களோடு வந்தார். இங்கே அவருக்குக் கிடைத்தது மொழி வகுப்பு ஒன்று. இந்த மொழியில் கரண்டி ஆண், முள்கரண்டி பெண், கத்தி இரண்டும் இல்லை. செந்தில் சாப்பாட்டு மேசையில் எதைக் கேட்டாலும் முதலில் அதன் பாலைத் தப்பாகச் சொல்வார். எங்கள் மகள் தாரணி நிமிர்ந்துகூடப் பார்க்காமல் திருத்துவாள். ஒன்பது வயதில் அவளுக்கு ஜெர்மன் மூச்சு விடுவதுபோல வருகிறது. தமிழில் கேட்டால் ஜெர்மனில் பதில். கொஞ்ச நாளில் செந்தில் மேசையில் எதையும் கேட்பதை நிறுத்திவிட்டு, எழுந்துபோய் எடுத்துக்கொள்ள ஆரம்பித்தார்.

நான்கு பேர் வாசலில் நின்ற மனிதர். இங்கே அவரிடம் ஒரு நாளில் பேசுகிறவர்கள் நானும், வகுப்பு ஆசிரியையும், பார்சல் கொண்டுவருகிறவரும்தான். பார்சல்காரர் பேசுவதும் ஒரே வார்த்தை.

4

ட்ரில் ஆராய்ச்சி தொடங்கியதும் வீட்டில் ஒரு மாற்றம் வந்தது. செந்தில் பேச ஆரம்பித்தார். காலை காப்பியோடு வோல்ட், மதியச் சாப்பாட்டோடு வாட்ஸ். ஒயர் வைத்ததா, பேட்டரி வைத்ததா. சும்மா சுற்றுவதா, சுற்றிக்கொண்டே இடிப்பதா. ஒரு ரஷ்யக்காரர் பத்து ட்ரில்களை வரிசையாகக் கான்கிரீட்டில் இறக்கிச் சோதிக்கும் வீடியோவை, மொழி புரியாமலே, திரும்பத் திரும்பப் பார்த்தார்.

எங்கள் வெள்ளிமலை வீட்டில் சுவரில் எதையாவது மாட்ட வேண்டுமென்றால் அப்பா ஒரு குச்சியைச் சீவி, கல்லால் இரண்டு தட்டு தட்டுவார். மண் சுவர், வாங்கிக்கொள்ளும். குச்சி ஆடினால் பக்கத்தில் இன்னொன்று. இதை நான் சொன்னபோது செந்தில் என்னைப் பாவமாகப் பார்த்தார்.

ஆலோசகர் ஏழுமலை. கச்சிராயபாளையம் ரோட்டில் அலுமினிய ஜன்னல், கதவு செய்யும் பட்டறை வைத்திருக்கிறான். வாரத்தில் நான்கு வீட்டில் ஓட்டை போடுகிறவன், அதனால் அவன் சொன்னால் செந்திலுக்கு வேதம். ஆனால் அவன் ட்ரில் வாங்கிய லட்சணம் எனக்குத் தெரியும். பைக்கில் விற்க வந்த ஆளிடம், பெரிய கம்பெனிப் பெயரில் ஒரே ஒரு எழுத்து மாறியிருந்த மிஷினைப் பாதி விலைக்கு வாங்கினான். புதுமனை புகுவிழா வீட்டில் கடைசி நேரத்தில் திரைக்கம்பி மாட்டும்போது அதிலிருந்து புகை வந்தது. ஹோமப் புகையோடு அது கலந்துவிட்டதால் யாருக்கும் தெரியவில்லை என்று அவனே பெருமையாகச் சொன்னான்.

"அண்ணா, கம்மியா வாங்கி ஏமாறாத. இருக்கறதுலயே பெருசா எடு. ஹேமர் இருக்கணும். கைல புடிச்சா வெயிட்டா இருக்கணும், அதான் மிஷினு."

"அவ்ளோ வெயிட்டு எதுக்குடா? வூட்டு வேலைக்குத்தான?"

"இன்னாண்ணா நீ. செவுரு இன்னா செவுருன்னு பாத்தியா? போன செவுத்துகிட்ட வையி. தட்டு."

செந்தில் போனைச் சுவரோடு வைத்துக்கொண்டு விரலால் தட்டினார். ஆயிரக்கணக்கான மைலுக்கு அப்பால் ஏழுமலை கண்ணை மூடிக் கேட்டான்.

"கெட்டியான செவுரு. கான்கிரீட்டேதான். பெரிய மிஷினு இல்லாம ஆவாது."

இரண்டு பேரும் எதற்கும் ஒரு தரம் சரிபார்க்கலாம் என்று இன்னொரு தடவை தட்டிக் கேட்டார்கள். சந்தேகமில்லை, கான்கிரீட்.

5

கடைக்கு நாங்கள் மூன்று பேரும் போனோம். "யாரும் உதவிக்கு வரக்கூடாது" என்று செந்தில் முன்னாலேயே சொல்லிவிட்டார். சுவரில் ஸ்க்ரூ பிடிக்க ஓட்டைக்குள் செருகுகிற பிளாஸ்டிக் பிளக்குக்கு ஜெர்மனில் 'ட்யூபல்' என்று பெயர். அந்தச் சொல்லை ட்ராமில் முணுமுணுத்துக்கொண்டே வந்தார்.

கடையில் பச்சை மேலாடை போட்ட ஒரு பெண் வந்து, என்ன வேண்டும் என்று கேட்டாள். செந்தில் நிமிர்ந்து நின்றார். பதற்றத்தில் முதல் எழுத்து தொண்டையிலேயே தங்கிவிட்டது.

"எனக்கு யூபல்" என்றார். அவள் புரியாமல் பார்த்ததும், இன்னும் அழுத்தமாக, "பெரிய யூபல்" என்றார்.

'யூபல்' என்றால் குமட்டல். அந்தப் பெண் ஓடிப்போய் ஒரு நாற்காலி கொண்டுவந்து போட்டாள். இன்னொருவர் தண்ணீர் கொண்டுவந்தார். மூன்றாவதாக ஒருவர் வாளியோடு வந்து தள்ளி நின்றார். செந்தில் எதற்கு இந்த உபசாரம் என்று தெரியாமல், கள்ளக்குறிச்சி ஜவுளிக்கடையில் குடிக்கக் கலர் சோடா கொடுப்பதுபோல இங்கேயும் ஒரு மரியாதை போலிருக்கிறது என்று நினைத்து, உட்கார்ந்து தண்ணீரைக் குடித்தார்.

தாரணிதான் போய் ஜெர்மனில் விளக்கினாள். எல்லோரும் சிரித்தார்கள். கெட்ட சிரிப்பில்லை, ஆனாலும் செந்தில் காது சிவந்துவிட்டது. அந்தப் பெண் சுவரைப் பற்றி ஏதோ இரண்டு கேள்வி கேட்டாள். செந்தில் எல்லாவற்றுக்கும் "கான்கிரீட்" என்றே பதில் சொன்னார். இருந்ததிலேயே பெரிய, இடிக்கிற மிஷினை எடுத்துக்கொண்டு வெளியே வந்தோம். தூக்கிப் பார்த்தேன். ஒரு கைக்குழந்தையின் கனம் இருந்தது.

6

அந்தச் சனிக்கிழமை மதியம் செந்தில் பென்சிலால் புள்ளி வைத்து, ரசமட்டம் பிடித்து, கண்ணுக்குக் கண்ணாடி போட்டு, சுவரில் மிஷினை வைத்து அழுத்தினார். கட்டிடமே அதிர்ந்தது. ஒரு நொடிதான். மிஷின் கைப்பிடி வரைக்கும் சுவருக்குள் போய்விட்டது. செந்திலின் நெற்றி சுவரில் முட்டியது.

பக்கத்து அறையிலிருந்து தாரணி வந்தாள். முகத்தில் பயமில்லை, அதிகாரிகள் முகத்தில் இருக்கும் ஒரு வெறுமை.

"அப்பா, என் ரூம்ல ஒரு கம்பி வந்துச்சு."

ஓடிப்போய்ப் பார்த்தோம். அவள் சுவரில் ஒட்டியிருந்த குதிரைப் படத்தில், குதிரையின் வயிற்றுக்குச் சரியாக நடுவில் ட்ரில் பிட் நீட்டிக்கொண்டிருந்தது. அது கான்கிரீட் இல்லை. கனமான அட்டைபோல இருக்கிற ஜிப்சம் போர்டு. உள்ளே காற்று.

நாங்கள் மூன்று பேரும் அந்தக் குதிரையைப் பார்த்துக்கொண்டிருந்தபோதே அழைப்பு மணி அடித்தது. கீழ் வீட்டு ஃப்ராவ், அதாவது திருமதி, லிண்ட்னர். பள்ளி ஆசிரியை, ஐம்பது வயதுக்கு மேல் இருக்கும், அவரும் சமீபத்தில்தான் குடிவந்தவர். தன் கைக்கடிகாரத்தை எங்களுக்கு நேராகத் திருப்பிக் காட்டினார். மதியம் ஒன்றிலிருந்து மூன்று வரை எங்கள் கட்டிடத்தில் சத்தம் போடக்கூடாது. ஞாயிற்றுக்கிழமை முழுக்கக் கூடாது. ஊரில் ஒலிபெருக்கி கட்டி நான்கு நாள் திருவிழா நடத்துகிறவர்கள் இதை நம்பமாட்டீர்கள்.

செந்தில் மன்னிப்புக் கேட்டார். அதிலும் எங்கோ ஒரு பால் தவறிவிட்டது. தாரணி திருத்தவில்லை. அதுதான் அவரை அதிகமாக உறுத்தியது என்று நினைக்கிறேன்.

7

திங்கட்கிழமை நான் ஏழுமலைக்குப் போன் போட்டேன். திட்டத்தான்.

"தம்பி, உன் கான்கிரீட்டுல குதிர செத்துப்போச்சு."

விஷயத்தைச் சொன்னேன். அவன் கொஞ்சமும் வருத்தப்படவில்லை. "சரி வுடுங்க அண்ணி. அந்தப் பெரிய மிஷின மட்டும் திருப்பிக் குடுத்துடாதீங்க. அண்ணன் வரும்போது எடுத்துக்கினு வரட்டும். நம்ம பட்டறைக்கு ஆவும்."

"வரும்போதா? எப்ப வராரு?"

பட்டறையில் யாரோ தகரம் அறுக்கும் சத்தம் மட்டும் கேட்டது.

"அண்ணி, அண்ணன் உங்ககிட்ட சொல்லலையா? அடுத்த மாசம் டிக்கெட்டு போட்டுக்கினு வராரு. பழைய கட பக்கத்துலயே ஒரு கட பாத்து வச்சிக்கீறேன். நான்... அண்ணி, நான் சொன்னேன்னு சொல்லாதீங்க."

அன்று எனக்கு விடுமுறை. செந்தில் கடைக்குப் போயிருந்தார், பெரிய மிஷினைத் திருப்பிக் கொடுக்க. இங்கே வாங்கிய பொருளைக் கொஞ்ச நாளுக்குள் திருப்பினால் எடுத்துக்கொள்கிறார்கள், ஏன் என்று முறைப்பதில்லை. அவர் வரும்வரை சமையலறையில் ஒரு ஸ்டூல் போட்டு உட்கார்ந்திருந்தேன். கோபம் வரும் என்று பார்த்தேன். வரவில்லை. எட்டு மாதமாக ஒரு மனிதர் வீட்டுக்குள்ளேயே சுருங்கிக்கொண்டு வந்ததை நோயாளிகளுக்கு நாடி பார்க்கிற நான் பார்க்காமல் இருந்திருக்கிறேனே என்றுதான் இருந்தது.

செந்தில் புதிதாக ஒரு சின்னப் பெட்டியோடு வந்தார். பேட்டரியில் ஓடுகிற மிஷின். பெட்டியைத் திறந்து என்னிடம் நீட்டினார்.

"புடி."

பிடித்தேன். கரண்டி பிடிக்கிற மாதிரி இருந்தது.

"ஒரு கையால தூக்க முடியுதா? விரலு எட்டுதா அந்த ஸ்விட்சுக்கு?"

"முடியுது. எதுக்கு என்கிட்ட குடுக்கறீங்க? மாட்டப்போறது நீங்கதான?"

அவர் சார்ஜரை எடுத்து ஒயரைப் பிரித்தார், மறுபடியும் சுற்றினார்.

"ஏழுமல சொல்லிட்டான்" என்றேன்.

செந்தில் தரையில் உட்கார்ந்துவிட்டார்.

"இங்க நான் இன்னா பண்றேன், மல்லி? நீ வேலைக்குப் போற. அவ ஸ்கூலுக்குப் போறா. நான் பார்சலுக்குக் கதவு தெறக்கறேன். அவ ஃப்ரெண்டுங்க வந்தா நான் பேசிடுவனோன்னு அவளுக்குப் பயமா கீது. அங்க போனா கடையாவது கீது. வருசத்துக்கு ஒரு தபா வந்து பாக்கறேன்."

"அப்ப இந்த ட்ரில்லு?"

"கிச்சன மாட்டி வச்சிட்டுப் போலாம்னு. நாளைக்கு ஏதாவது கழண்டா நீ ஆளுக்கு ஆறு வாரம் காத்துக்கினு இருக்கணுமா? நீ தூக்கற வெயிட்டுல, நாலு வருசத்துக்குக் கெட்டுப்போவாத மிஷினா பாத்துக்கினு இருந்தேன். நடுவுல இவன் பேச்சக் கேட்டுப் பெருச வாங்கிட்டேன்."

இத்தனை வார வோல்ட், வாட்ஸ், ரஷ்யக்காரர் எல்லாம் என் மணிக்கட்டுக்காக. ஏழுமலை சொன்னதெல்லாம் அவன் பட்டறைக்காக. எனக்குச் சிரிப்பும் அழுகையும் சேர்ந்து வந்து, மூக்கில்தான் வெளியேறியது.

"போறதுன்னா போங்க. அலமாரிய மாட்டிட்டுப் போங்க. ஆனா எனக்கு ஓட்ட போடச் சொல்லிக் குடுத்துட்டுத்தான் போகணும்" என்றேன்.

8

கடைக்காரப் பெண் இந்த முறை சுவரைத் தட்டாமல் கண்டுபிடிக்கும் வழியைச் சொல்லியனுப்பியிருந்தாள். ஒரு மெல்லிய பிட்டால் ஓரத்தில் சின்னதாக ஓட்டை போட்டு, வெளியே வருகிற தூளின் நிறத்தைப் பார். வெள்ளையாக, மாவாக வந்தால் ஜிப்சம். செந்தூளாக வந்தால் செங்கல். எதிர்ச் சுவரில் போட்டுப் பார்த்தோம். சிவப்பாக வந்தது. நான் அதை விரலில் தொட்டுச் செந்திலின் நெற்றியில், சுவரில் முட்டின இடத்தில், வைத்தேன்.

முதல் நாலு ஓட்டை நான் போட்டேன். மூன்றாவது கோணலாகிவிட்டது. செந்தில் பக்கத்தில் புதிதாகப் புள்ளி வைத்தார். தாரணி ஓட்டைக்குக் கீழே ஒரு கவரை ஒட்டித் தூள் பிடித்தாள். "அப்பா, கொஞ்சம் மேல" என்று தமிழில் சொன்னாள். மூன்று மணி அடிக்கும்வரை காத்திருந்து ஆரம்பித்து, ஆறு மணிக்குள் மூன்று அலமாரியும் அந்தச் செங்கல் சுவரில் ஏறிவிட்டன.

தட்டுகளை அடுக்கினோம். அடுக்கிவிட்டு நானும் அவரும், ஒருவரை ஒருவர் கேட்காமலே, அலமாரிக்குக் கீழே இரண்டு கையையும் ஏந்திக்கொண்டு நின்றோம். விழவில்லை. ரொம்ப நேரம் கழித்து அவர் ஒரு கையை எடுத்தார். அப்புறம் நான் ஒன்றை எடுத்தேன்.

9

மறுநாள் மாலை மணி அடித்தது. கதவைத் திறந்தால் ஃப்ராவ் லிண்ட்னர். செந்தில் ராத்திரியே மனப்பாடம் செய்து வைத்திருந்த மன்னிப்பு வாக்கியத்தை ஆரம்பித்தார். அந்த அம்மாள் தடுத்து நிறுத்தினார். கையில் ஒரு தொங்கு விளக்கு இருந்தது.

அவர் கணவர் பிரிந்து போனபோது ட்ரில்லை எடுத்துக்கொண்டு போய்விட்டாராம். விளக்கும் திரைக்கம்பியும் அன்றிலிருந்து தரையில் கிடக்கின்றன. உங்களுக்கு நேரம் இருக்குமா என்று கேட்டார். மூன்று மணிக்குப் பிறகு, என்று சேர்த்துக்கொண்டார்.

மறுநாள் மூன்று அடித்ததும் செந்தில் மிஷினோடு கீழே போனார். போனவர் சீக்கிரம் வரவில்லை. சண்டையோ என்று நான் படியில் இறங்கி நின்று கேட்டேன். செந்தில் பேசிக்கொண்டிருந்தார், ஜெர்மனில், நிறுத்தாமல், ஆண் பெண் எதையும் பார்க்காமல். ஏழுமலையின் ஹோமப் புகைக் கதையைச் சொல்லிக்கொண்டிருந்தார் என்பது எனக்கு நடுவில்தான் புரிந்தது. அந்த அம்மாள் சிரிப்பது மாடிவரை கேட்டது.

ஆசிரியைகள் எந்த ஊரிலும் ஆசிரியைகள்தான். இரண்டு வாரத்தில் எங்கள் கட்டிடம் முழுக்கச் செய்தி போய்விட்டது. யார் வீட்டிலோ கண்ணாடி, யார் வீட்டிலோ புத்தக அலமாரி, மூன்றாம் மாடியில் ஒரு குழந்தையின் படிக்கட்டுத் தடுப்பு. ட்ரில் கடனாக வேண்டுமென்று கேட்டவர்களுக்குச் செந்தில் ட்ரில்லை மட்டும் கொடுக்கவில்லை, கூடவே தானும் போனார். கட்டிடத்தைப் பராமரிக்கிறவர் ஒரு நாள் வந்து, பக்கத்துக் கட்டிடங்களுக்கும் ஆள் தேவை, முறையாகப் பதிவு செய்துகொண்டால் வேலை தருவதாகச் சொன்னார். பதிவுக்கு ஒரு அலுவலகம், அந்த அலுவலகத்துக்குப் போக இன்னொரு அலுவலகத்தின் முத்திரை. செந்தில் எல்லாவற்றுக்கும் தானே போய் நின்றார்.

டிக்கெட்டைப் பற்றி நான் வாயைத் திறக்கவில்லை. அவரும் பேசவில்லை. விமானம் கிளம்பும் நாளும் நேரமும் ஏழுமலை சொல்லி எனக்குத் தெரியும், அதற்கு மேல் எதையும் கேட்கத் தைரியமில்லை. அன்று காலை அவர் குளித்துக்கொண்டிருக்கும்போதே டியூட்டிக்குக் கிளம்பிவிட்டேன். வார்டில் ஒரு நோயாளிக்கு ஊசி போட்டுவிட்டுக் கடிகாரத்தைப் பார்த்தேன். நேரம் நெருங்கியிருந்தது. நடைவழிக்கு வந்து போன் போட்டேன். மணி அடித்துக்கொண்டே இருந்தது. விமானத்தில் ஏறிவிட்டால் போனை அணைத்திருப்பார்களே, அணைத்தால் மணி அடிக்காதே என்று என்னென்னவோ கணக்குப் போட்டேன்.

கடைசியில் எடுத்தார். காதைத் துளைக்கிற மிஷின் சத்தம். யாரோ ஜெர்மனில் ஏணியைப் பிடிக்கட்டுமா என்று கேட்டார்கள்.

"எங்க இருக்கீங்க?" என்று கத்தினேன்.

"வேலையில கீறேன். அப்புறம் பேசு, வை" என்று வைத்துவிட்டார்.

கல்யாணமான நாளிலிருந்து செந்தில் என் போனை அப்படி வெட்டியதே இல்லை. ஆஸ்பத்திரி நடைவழியில், நோயாளிகள் பார்க்க, நான் அந்தப் போனைக் கன்னத்தோடு வைத்துக்கொண்டு நின்றிருந்தேன்.